பட்டியலில் ஏறிய எலி

மளிகைக்கடை ஆன்லைனுக்குப் போனதும், கடைப்பூனைக்கு வேலை போகும் போலிருந்தது. "என் லிஸ்டில் எலியே இல்லை. அப்புறம் உனக்கு எதற்குத் தினமும் பால்? முதலாளியிடம் சொல்லி நிறுத்துகிறேன்" என்றது புதுக் கம்ப்யூட்டர்.

பூனை நேரே எலியிடம் போனது. "ஆறு மாசமா இங்கேயே உட்கார்ந்து தின்கிறே. நேற்று வந்த ஊறுகாய் பாட்டிலுக்குக்கூட லிஸ்டில் பேர் இருக்கு. உனக்கு இல்லையாம். வெட்கமா இல்லையாடா?"

எலிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ப் பேர், எடை, விலாசம் எல்லாவற்றையும் தானே தட்டிவிட்டது. "எலி: ஒன்று. துவரம்பருப்பு மூட்டைக்குப் பின்னால்" என்று திரை காட்டியது.

பால் தப்பியது. அந்த ஒரு எலி லிஸ்டில் இருக்கும்வரைதான் பால் என்பது பூனைக்குத் தெரியாதா? விலாசம் தெரிந்தும் அந்த மூட்டைப் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.