எட்ட வைத்த டம்ளர்

தண்டையார்பேட்டையில் எவர் வீட்டுக் குழம்பில் உப்புக் குறைந்தாலும் மங்கம்மாவுக்குத் தெரிந்துவிடும். நர்மதாவின் புருஷன் எய்ட்ஸில் போனதும், மகள் மகிழினிக்கும் அந்த நோய் இருப்பதும் மட்டும் தெரியாமல் போகுமா?

நேராகப் பால்வாடிக்குப் போய் நின்றாள்.

"அந்தப் பொண்ணு வாய் வெச்ச டம்ளர்ல எம் புள்ள வெற்றி தண்ணி குடிக்கணுமா? அதுக்குத் தனியா வை டீச்சர்!"

"டம்ளர்ல அதெல்லாம் ஒட்டாதும்மா."

மங்கம்மா மசியவில்லை. தன் வீட்டு எவர்சில்வர் டம்ளரிலேயே ஆணியால் பெருக்கல் குறி கீறி, தண்ணீர்ப் பானையை விட்டு எட்ட வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். தானம் செய்த பெருமை வேறு.

சாயங்காலம் மகளை அழைத்துப்போக நர்மதா வந்தாள். டீச்சர் தயங்கித் தயங்கி டம்ளர் விஷயத்தைச் சொன்னார். அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று வேடிக்கை பார்க்கவே மங்கம்மா காத்திருந்தாள். நர்மதாவோ கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ரொம்ப டேங்ஸுக்கா. பல் டாக்டரு போன மாசமே சொன்னாரு. இதுக்கு எதிர்ப்பு சக்தி கம்மியாம். மத்த புள்ளைங்க வாய்ப்புண்ணு ஒட்டிக்கினா தாங்காது, தனி டம்ளர் வைன்னாரு. உன் வெற்றிக்கு உதடெல்லாம் புண்ணா கீது, எப்டி கேக்கறதுன்னு பேஜாரா இருந்துச்சு."

மங்கம்மா வெற்றியின் உதட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

நர்மதா டம்ளரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"குறிய இன்னும் கொஞ்சம் பெருசா கீறிடுக்கா. உன் புள்ள மறந்து வாய் வெச்சிரப் போறான்."