கருவாட்டு வாசனை

சரோஜாவின் வலது கையை இழுத்து மோந்து பார்த்த தங்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாடி இது, கருவாடு!"

சரோஜா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிய கைதான். கருவாடு சோப்புக்கெல்லாம் அடங்குமா?

தம்பி வீட்டுக்கு ஒரு பை மல்லாட்டைக் கடலையோடு கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தாள் தங்கம்மாள். பஸ் இறங்கி நடந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. ரேடியோவில் மத்தியானச் செய்தி ஓடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டிலிருந்து, முந்தானையில் வாயைத் துடைத்தபடி வெளியே வருகிறாள் தம்பி பெண்டாட்டி. பக்கத்து வீடு, பஸ் ஸ்டாண்டுகிட்டே சைக்கிள் கடை வைத்திருக்கும் மக்பூல் பாயுடையது.

தங்கம்மாள் அதிர்ந்து போனதில் நியாயம் இருந்தது.

அவள் தம்பி அருணகிரி, அந்த சைக்கிள் கடைக்கு எதிரே இருக்கும் மிலிட்டரி ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். ஊருக்கே குழம்பு வைக்கிறவனுக்குப் பத்து வருஷமாக வயிறு சரியில்லை. எது உள்ளே போனாலும் உப்பிக்கொள்ளும், நெஞ்சு எரியும். பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் ஒரு நாட்டு வைத்தியர் நாற்பத்தெட்டு நாள் பத்தியம் போட்டார். உப்பு, புளி, மிளகாய், எண்ணெய் எதுவும் கூடாது. நொய்க்கஞ்சி, மோர், வேகவைத்த சுரைக்காய். அவ்வளவுதான்.

சமையல்காரன் என்பதால் தனியாக ஒன்று சொன்னார். "ருசி பார்க்கிறேன்னு ஒரு சொட்டு நாக்குல பட்டாலும், மறுபடி முதல் நாள்லேருந்து எண்ணணும்."

அன்றைக்கே சரோஜா சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள். "நீங்க சாப்பிடறதைத்தான் நானும் சாப்பிடுவேன்."

அப்போது அவளுக்கு நாலு மாசம். அருணகிரி கெஞ்சிப் பார்த்தான், திட்டியும் பார்த்தான். அவள் மசியவில்லை. தெருவே மெச்சியது. தங்கம்மாளுக்கும் கீழ்பென்னாத்தூரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் தம்பி பெண்டாட்டியைப் பற்றித்தான் பேச்சு.

இன்று பத்தியத்தின் முப்பத்தோராம் நாள்.

"எத்தினி நாளா நடக்குது?"

"இருபது நாளா, அண்ணி. ஒரு நாள் கருவாடு, ஒரு நாள் ஈரல்..."

"இருபது நாளா! அண்ணாமலையாரே, இதைக் கேட்டீங்களா? என் தம்பி உப்பில்லாத கஞ்சியைக் குடிச்சிட்டு அடுப்புகிட்ட வேகறான். நீ இங்க கருவாடு, ஈரல்னு வளைச்சுக் கட்டுறியா? கற்பூரம் அணைச்ச கைதானேடி இது?"

சத்தம் கேட்டு மக்பூலின் மனைவி மஹ்பூபா ஓடி வந்தாள். கழுவுவதற்கு எடுத்த தூக்குப் பாத்திரம் கையிலேயே இருந்தது.

"அவளைத் திட்டாதீங்கக்கா. நான்தான் வற்புறுத்தினேன். ஒடம்புல ரத்தம் கம்மியா கீதுன்னு நர்சம்மா சொன்னாங்களே..."

"நீ சும்மா இரும்மா. எங்க வூட்டு சத்தியத்துல உங்க வூட்டுக் கரண்டி எதுக்கு வருது?"

சரோஜா அழுதேவிட்டாள். "முதல் நாள் வேணாம்னுதான் சொன்னேன், அண்ணி. ஆனா அக்கா வைக்கிற குழம்பு அப்படியே நம்ம வூட்டுக் குழம்பாட்டமே கீது. பூண்டைத் தட்டாம முழுசா போட்டு... என்னால முடியல. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இப்பதான் பத்து நாளா வயித்தைப் புடிச்சிக்காம தூங்கறார். நானே ஏமாத்தினேன்னு தெரிஞ்சா பத்தியத்தையே வுட்டுடுவார். என் மூஞ்சியில முழிக்க மாட்டார்."

"சொல்லாம வுடறதா? வரட்டும் அவன்."

சொல்லி வாய் மூடவில்லை, அருணகிரி தெருமுனையில் திரும்பினான். மத்தியானப் பந்தி முடிந்து கஞ்சி குடிக்க வருகிறவன். சட்டை தொளதொளவென்று தொங்கினாலும் முகம் தெளிந்திருந்தது.

"வாக்கா, எப்ப வந்தே?"

"நான் வந்தது இருக்கட்டும். உன் பெண்டாட்டி கையை மோந்து பாருடா!"

சரோஜா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தங்கம்மாள் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். கற்பூரத்தைச் சொன்னாள், இருபது நாளைச் சொன்னாள், ஈரலையும் சொன்னாள். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். "இதுக்கா இந்தப் பொண்ணைத் தலையில தூக்கி வச்சு ஆடினோம்?" என்று ஒரு குரல் கேட்டது.

அருணகிரி மஹ்பூபாவைப் பார்த்தான்.

"நான் வாயே தொறக்கலண்ணே," என்றாள் அவள்.

தங்கம்மாளுக்குப் புரியவில்லை. சரோஜாவுக்கும் புரியவில்லை. புருஷன் கை ஓங்குவானோ, பத்தியமும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்பானோ என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

அருணகிரி மஹ்பூபாவின் கையிலிருந்த தூக்கை வாங்கி மூடியைத் திறந்தான். அடியில் ஒரு பூண்டுகூட மிச்சமில்லை.

சரோஜாவின் பக்கத்தில் போய், தெருவுக்குக் கேட்காத குரலில் கேட்டான்:

"உப்பு சரியா இருந்துச்சா, சரோஜா? நான் நாக்குல வச்சுப் பார்க்கல. இருபது நாளா கை அளவுதான்."