வண்டியில் வந்த சாமி

அவள் குடத்தைச் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் அவருடைய வலது காலை நனைத்தது.

இடது காலுக்கு வந்ததும் கை நின்றது.

கட்டு. விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரை வெள்ளைத் துணி. அதற்குக் கீழே, குதிகாலில் மட்டும் ஊன்றி நடக்கிற ஆஸ்பத்திரிச் செருப்பு.

அவர் காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் எவ்வளவுதான் இழுக்க முடியும்?

“இந்தக் காலோடவா சாமி நடந்து வந்தீங்க?”

ஒட்டன்சத்திரம் தாண்டி, சாலையோரப் பந்தல். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு அங்கே நீர்மோர் உண்டு, சுண்டல் உண்டு. ஊர்ப் பெண்கள் வருகிறவர்களின் கால்களைக் கழுவிவிடுவார்கள். பச்சை வேட்டியும் கழுத்தில் மாலையும் கண்ணில் பட்டால் போதும், வேறு விசாரணை கிடையாது. அவர் பச்சை வேட்டி கட்டியிருந்தார். மாலையும் போட்டிருந்தார்.

நடக்கத்தான் இல்லை.

பந்தலுக்குப் பின்னால் நின்ற, குழுவின் சாமான் வண்டியில் வந்திருந்தார். அதிலும் அரிசி மூட்டைக்கு நடுவில் அல்ல. முன்சீட்டில், காலுக்குத் தலையணை வைத்து. அவருடைய குழு இன்னும் பின்னால் வெயிலில் நடந்து வந்துகொண்டிருந்தது.

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். அது வரவில்லை.

அவள் விரல் நுனியால் அந்தக் கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வருடா வருடம் வேல் ஏந்திக் குழுவுக்கு முன்னால் நடந்தவர். காலையில் ஷட்டில், சாயங்காலம் மலையடிவாரம் வரை நடை. கல்யாண வீட்டில்கூட ஓர் இடத்தில் உட்காராத ஆள்.

பெருவிரல் மூட்டில் எலும்பு புடைத்துக்கொண்டு வந்தது. விரல் சாய்ந்து, பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்தது. ஆபரேஷன் என்றார்கள். தை முடியட்டும் என்றார். ஆடி முடியட்டும் என்றார்.

ஒருநாள் ஆடுகளத்தில் அவர் முகம் கோணுவதை எதிராளி பார்த்துவிட்டான். அன்றிலிருந்து இறகுப்பந்தை அவர் கைக்கே மெதுவாகத் தூக்கிப்போட ஆரம்பித்தான்.

வலியைத் தாங்கிவிட்டார். அந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை.

“முருகன் உங்க காலையா கேட்டாரு?” என்று மனைவி ஒரு போடு போட்டாள். மார்கழி பிறந்ததும் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தார்.

மாலையை அதற்கு முன்பே போட்டாயிற்று. தைக்குள் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது குளியலறை வரை. இவர் காதில் விழுந்தது பழனி வரை.

போட்ட மாலையைப் பழனியில்தான் கழற்ற வேண்டும். அதனால் வண்டி. வேல் இந்த வருடம் மச்சினன் கையில்.

காலையில் வண்டி தன் ஆட்களைத் தாண்டியபோது அவர்கள் சிரித்துக் கைகாட்டினார்கள். அவர் குனிந்து எதையோ தேடுவதுபோல் இருந்துவிட்டார்.

அவள் இன்னும் எழவில்லை.

“எங்க வீட்டுக்காரர் தென்னமரத்துல இருந்து விழுந்துட்டாரு சாமி. வருசம் தவறாம நடந்து போனவரு. இப்பக் காலு ஊனவே வரல.” முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். “இத்தனை பெரிய கட்டோட நீங்க நடக்கறப்ப, அவரும் நடந்துருவாருல்ல?”

அவர் தலையாட்டினார்.

தலை தானாக ஆடிவிட்டது என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. அவர்தான் ஆட்டினார்.

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க முடியாமல் சாலையைப் பார்த்தார்.

“அண்ணே, ஏறுங்க. நம்ம ஆளுக வர்றதுக்குள்ள போயி அடுப்பு மூட்டணும்.”

டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து, நாற்காலிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினான். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்ற நல்ல எண்ணம். முன்கதவு திறந்திருந்தது. சீட்டில் தலையணை.

அவள் வண்டியைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள்.

அவர் எழுந்து, குதிகாலால் தத்தித் தத்திப் போய் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். காது இரண்டும் சுட்டன.

“நான் நடக்கலம்மா. வண்டியிலதான் வந்தேன்.”

எல்லாம் தெரிந்த பிறகு சொல்கிற உண்மைக்கு என்ன மரியாதை? அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அவள் குடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கதவருகே வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றும் நினைத்தார்.

“மாலை போட்டவங்க வண்டியில போலாமா சாமி?”

குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் கை கழுத்து மாலைக்குப் போனது.

“நடக்காம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முருகன் முன்னாடி நிக்கறதுன்னு, மனுசன் கட்டில விட்டே எறங்க மாட்டேங்கறாரு. போன தையிலயும் போகல. பெத்த புள்ள தூக்கிட்டுப் போறேன்னான், அதுக்கும் கத்தறாரு.”

சாலைக்கு அந்தப் பக்கம் கைகாட்டினாள்.

“அந்த ஓட்டு வீடுதான். நீங்க வந்து அவருகிட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா?”

என்ன வார்த்தை என்று அவள் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது. அவள் முதலில் கேட்டபோது அவர் வாயை விட்டு வெளியே வராத அதே வார்த்தை, நடக்கவில்லை என்பது. அதை முன்பின் தெரியாத ஒரு மனிதனிடம், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

டிரைவர் கியரைப் போட்டான்.

“வண்டிய அணைப்பா,” என்றார்.

பிறகு கதவைத் திறந்து, இறங்குவதற்காக அவளிடம் கையை நீட்டினார்.