ஏழு விரல்கள்

மலையில் காணாமல்போன வனக்காவலரைத் தேடுவதை இன்றோடு நிறுத்துவதாக முடிவாகியிருந்தது. அவருடைய மனைவிதான் மீட்புப் படையின் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். தேடுபவர்களின் நெற்றி விளக்குகளால் இரவுப் பார்வைக் கருவிகளில் படம் வெளுத்துவிடுகிறது என்றார்கள். அகச்சிவப்புக் கதிரை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரை அவர் ஒரு லென்ஸில் பொருத்தினார்.

சன்னல் இல்லாத கிடங்கில் சோதனை. கூட வேலை செய்பவர் இருட்டில் எதிர்ச் சுவரோரம் நின்று விரல் காட்டுவார். இவர் எண்ணிச் சொல்ல வேண்டும்.

“எத்தனைக்கா?”

“ஏழு.”

“இன்னொரு கையில டீ இருக்குக்கா. மூணுதான் காட்டினேன்.”

மறுபடி பார்த்தார். மூன்று விரல்களுக்குப் பக்கத்தில் சேறு படிந்த இன்னொரு கை. ஆள்காட்டி விரல் இல்லாததால் நான்குதான். ரம்பத்தில் அதை இழந்த கணவர் முழுக் கையையும் நீட்டித்தான் வழி காட்டுவார். இப்போதும் அப்படியே காட்டினார்.

விளக்கைப் போட்டபோது கையில் டீயோடு கூட வேலை செய்பவர் மட்டும் நின்றிருந்தார்.

சோதனைப் பதிவேட்டில் எழுதினார்: ‘காட்டியவை மூன்று. தெரிந்தவை ஏழு. நான்கு என் கணவருடையவை. ஃபில்டர் தகுதியானது.’

கையெழுத்திட வந்த படைத்தலைவர் அதை இரண்டு முறை படித்தார்.

“எந்தப் பக்கம்மா காட்டினாரு?”

“வடக்கே, சார்.”

“நாலு நாளா நாங்க தெக்கேல்ல தேடிட்டிருந்தோம்” என்றபடி கருவியை எடுத்துக்கொண்டார்.

“சீக்கிரம் போங்க சார். கை குளிர்ல நடுங்குது.”