ஒரே தேதி

"பீப்... பீப்!" ஆண்ட்ராய்டு போன் மூன்றாவது முறையாகக் கத்தியது.

விடுப்பு முடிந்து அன்றுதான் கோட்டாறு மென்பொருள் அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தாள் ரெஜிலா. திருச்சபைக்காக அவர்கள் உருவாக்கிவரும் கல்லறைப் பதிவுச் செயலியில், பிறந்த நாள், இறந்த நாள் என்ற இரண்டு சக்கரங்களையும் விரலால் உருட்டி ஒரே தேதியில் நிறுத்தியிருந்தாள்.

"ஒரே தேதி வந்தா நான்தான் தடுத்து வச்சிருக்கேன்க்கா," என்றான் புதிதாகச் சேர்ந்திருந்த ஷாஜன்.

"ஐபோன்ல ஏத்துக்கிடுதே?"

"அதுலயும் இன்னைக்கே தடுத்துருவேன். ரெண்டு போன்லயும் சக்கரம் ஒரே மாதிரி ஓடணும்லா?"

"வேண்டாம் மக்கா. ஐபோன்ல உள்ளதுதான் சரி. இதையும் அப்படியே மாத்து."

ஷாஜன் சிரித்தான். "டெஸ்ட் பண்ண வேற தேதியே கெடைக்கலியா? பொறந்த அன்னைக்கே யாருக்கா சாவா?"

ரெஜிலா சக்கரத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"டெஸ்ட் பண்ணல மக்கா. எம்பிள்ளையப் பதியுதேன்."