ஃபாவா மாவு செய்த கேக்

ஒரு பேக்கரி அலமாரிக்குப் புதிதாக ஒரு டப்பா புரத மாவு வந்து சேர்ந்தது. ஃபாவா அவரையிலிருந்து எடுத்த மாவு அது. அன்று ஆதிரைக்கு ஏழாவது பிறந்தநாள். முட்டை பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும் என்பதால், அவள் இதுவரை கேக்கே தின்றதில்லை. அவளுக்காகப் பேக்கரிக்காரி தமயந்தி முட்டைக்குப் பதிலாக அந்த மாவை எடுத்தாள்.

"நான் இல்லாமல் கேக் எழும்பாது. நீ சுண்டலுக்குப் போகவேண்டிய ஆள்," என்றது கூடையிலிருந்த முட்டை.

'எழும்பாவிட்டால் அந்தக் குழந்தையின் முகம் வாடிவிடுமே' என்று பயந்துகொண்டே மாவு தண்ணீரில் கரைந்தது. தமயந்தி அடிக்க அடிக்க, கிண்ணம் நிறைய வெள்ளை நுரை பொங்கியது.

"அட, இது நானா?" என்றது மாவு.

கேக் பஞ்சுபோல் எழும்பி வந்தது. ஆதிரை இரண்டு துண்டு தின்றுவிட்டு, மூன்றாவதற்குத் தட்டை நீட்டினாள்.

டப்பாவில் மிச்சமிருந்த மாவு அதைப் பார்த்துப் பூரித்துப்போனது. அப்போது கூடைக்குள் முட்டை மற்ற முட்டைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "நம்ம பிள்ளைதான் அது. நான்தான் தைரியம் சொல்லி அனுப்பிவைத்தேன்."

மாவுக்கு வந்த சிரிப்பில் டப்பாவின் மூடியே குலுங்கியது.