எட்டாவது கவர்

எட்டாவது கவரைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஏழு கவர்தான். டிசம்பர் பென்ஷன் கைக்கு வந்ததும் மாமனார் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களை எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். துணி. கேக். பலகாரம். கறி. கேரல்காரர்கள். காணிக்கை. சில்லறைச் செலவு.

ஒரு கவரில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அடுத்த கவரில் கை வைக்க முடியாது. பன்னிரண்டு வருடமாக அவளும் அந்த ஏழுக்குள்ளேயே பண்டிகையை முடித்துப் பழகியவள்.

இந்த வருடம் துணிக் கவர் இளைத்திருந்தது. கேக் கவரும்.

பீரோவில் எட்டாவதாக ஒன்று, தடியாக. மேலே ‘சாமுவேல்’.

சாமுவேல் மூத்தவன். சென்னையில் இருக்கிறான். வருடத்துக்கு ஒருமுறை வந்து, அப்பாவின் தோளில் கையைப் போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போவான். மாமனார் ரிட்டயர் ஆனபோது வந்த பணம் முழுக்க அவனுடைய ஃப்ளாட்டுக்குள் போய்விட்டது. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

மாமனார் காலில் ஆறாத சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்றுவது அவள்.

இன்னுமா கொடுத்துத் தீரவில்லை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவனிடம் சொன்னாள். ஜெபமணி ஸ்டாருக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

“அப்பா காசு, அப்பா இஷ்டம்” என்றான்.

நல்லவன். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற நல்லவன். அவளுக்கு அதுதான் பயம்.

இருபத்துமூன்றாம் தேதி காலை, நெல்லை ரயிலில் சாமுவேல் வந்து இறங்கினான். மாலை நாலு மணிக்குப் பத்திரம் எழுதுகிறவர் வந்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டு வாத்தியார்.

மாமனார் யாரிடமும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கமுக்கமான ஆள்.

அவள் அடுக்களையில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். கை எண்ணெய்ச் சட்டியில். காது முன்னறையில்.

‘உயில்’ என்பது கேட்டது. ‘இந்த வீடு’ என்பதும் கேட்டது. யாருக்கு என்பது மட்டும் கேட்கவில்லை. எண்ணெய் அந்த நேரம் பார்த்து இரைந்தது.



“சாட்சி ரெண்டு பேரு வேணும். வாத்தியார் ஒருத்தர். இன்னொருத்தர் யாரு?” பத்திரக்காரரின் குரல்.

அடுப்பை அணைத்தாள்.

கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம், பத்திர ஆபீஸ் எதிரில் ஒரு கடையில் அவள் டைப் அடித்தவள். ஒருமுறை ஒரு உயிலில், வீடு யாருக்குப் போகிறதோ அந்த மகனின் பெயரையே சாட்சி இடத்திலும் அடித்துவிட்டாள். கடைக்காரர் தாளைக் கிழித்துப் போட்டுக் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. சாட்சி போட்டவனுக்குப் பங்கு கிடையாது. எழுதி வைத்திருந்தாலும் செல்லாது. பங்கு இல்லாதவனைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

இப்போது மாமனார் யாரைக் கூப்பிடுவார்?

ஜெபமணி வாசலில் ஸ்டார் கட்டிக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டால் ஓடி வந்து போட்டுவிடுவான். பன்னிரண்டு வருடம், மாற்றிய கட்டுகள், எல்லாம் அந்த ஒரு கையெழுத்தோடு போகும். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாடகைக்கு வீடு தேட வேண்டும்.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

“சாமுவேலு. நீ போடு.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

சாமுவேல் முகம் மலர எழுந்தான். மூத்த பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்திருப்பான். தாளைப் புரட்டக்கூட இல்லை. இந்த விஷயத்தில் அண்ணனும் தம்பியும் ஒன்று என்பது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

சட்டைப் பையிலிருந்து தன் சொந்தப் பேனாவை எடுத்தான்.

மாமனார் பேனாவைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அடுக்களைப் பக்கம் பார்த்தார். நேராக அவளை.

அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி அந்த டைப் வேலையைப் பற்றித்தான்.

இவள் வாயைத் திறந்துவிடுவாளோ? அந்தக் கண்ணில் அதுதான் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

சாமுவேலிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தான், படிச்சுட்டுப் போடுங்க.

நாக்கு நுனி வரை வந்தது.

“காபி கொண்டாரட்டுமா மாமா?” என்றாள்.

“எல்லாருக்கும் கொண்டாம்மா.”

பேனா ஓடியது. நீளமான கையெழுத்து. அடியில் ஒரு கோடும் இழுத்தான்.

மாமனார் எட்டாவது கவரை எடுத்து அவன் கையில் வைத்தார். இப்ப எதுக்குப்பா என்று சொல்லிக்கொண்டே அவன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். ஆளுக்கு இரண்டு அச்சு முறுக்கு.

ஒரு தட்டில் மட்டும் நாலு வைத்தாள். போதாது என்று பட்டது. இன்னும் ஒன்று வைத்தாள்.

தட்டை நீட்டும்போது முகத்தை நிமிர்த்தவில்லை.

“என்ன இது,” என்று சிரித்தான் சாமுவேல். “எனக்கு மட்டும் இவ்வளவு?”